திரு. இனியனுக்கு அப்பாயின்மென்ட் கிடைத்துவிட்டது

மருதப்பனின் இடது காதில் ஒரு குக்கர் இருந்தது. அடுப்பில் ஏற்றி, ஆவி சீற ஆரம்பித்து, இதோ விசில் வந்துவிடும் என்று கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்போமே, அந்த நேரத்துச் சத்தம். ஆனால் விசில் வராது. வந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். வராததுதான் நோய்.

ஜாலான் புசாரில் அப்துல் கையூமின் ஹார்ட்வேர் கடையில் சாவி வெட்டுவதும் இரும்புக் குழாய் அறுப்பதும் அவருடைய வேலை. சேர்ந்தபோது தலை நிறைய முடி இருந்தது. இப்போது முடி போய், அந்த இடத்துக்குச் சத்தம் வந்திருக்கிறது. "நம்ம மருதப்பனுக்கு ஒரு சாவிய ஒரு தடவை காட்டினா போதும். ஒரு வாரம் கழிச்சுக்கூட அப்படியே வெட்டிக் குடுத்துடுவாரு" என்று கையூம் பாய் வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். கடையில் போலீஸ்காரர் யாராவது நின்றால் மட்டும் சொல்ல மாட்டார்.

பாலிகிளினிக்கில் ஓர் இளம் மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"காது ரொம்ப சுத்தமா இருக்கு, அங்கிள்."

"சத்தம் கேக்குதே, டாக்டர்."

மருத்துவர் இன்னொரு முறை பார்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

நோயாளிக்குக் கேட்டு மருத்துவருக்குக் கேட்காமல் போனால் அதற்குக் காதிரைச்சல் என்று பெயர். பெயர் கிடைத்த கையோடு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த அழைப்புக்காகக் காத்திருந்த நாட்களில் வீட்டில் ஒன்று நடந்தது. உட்லண்ட்ஸில், பன்னிரண்டாம் மாடியில் அவர்கள் வீடு. தூக்கம் போய் மாதங்களாகிவிட்ட ஒரு காலைப்பொழுதில் மருதப்பன் சமையலறை ஜன்னலருகே கோப்பியோடு நின்றார். கோப்பி ஆறி, மேலே ஆடை கட்டி, அந்த ஆடையும் சுருங்கிவிட்டது. அவர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றாள் மனைவி வசந்தகுமாரி. "என்னங்க!"

"கேக்கல" என்றார் அவர், திரும்பாமல்.

வலது காது நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அன்று மத்தியானமே ஜன்னல் கிரில்லுக்கு ஒரு பூட்டுப் போட்டாள். சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். கோக்கும்போது அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். சாவியைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டார் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் சாம்பாருக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

*

பெரிய மருத்துவமனையின் பெயர் வேண்டாம். உள்ளே ரொட்டிக்கடை, பூக்கடை, பொம்மைக்கடை எல்லாம் இருக்கும். மருத்துவரைத்தான் விசாரித்துப் போக வேண்டும்.

அங்கே காதிரைச்சல்காரர்களுக்கென்றே ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியிருந்தார்கள். பெயர் 'இணைந்த செவிகள்'. காது மருத்துவர், செவித்திறனைச் சோதிக்கிற ஆடியோலஜிஸ்ட், மனநல ஆலோசகர், கழுத்துக்கு இயன்மருத்துவர், தாடைக்குப் பல் மருத்துவர், மருந்தாளர், தூக்க நிபுணர், சமூக சேவகர் என்று எட்டுத் துறையினர் இனி ஒன்றுசேர்ந்து நோயாளியைக் கவனிப்பார்கள். இதற்கு முன்பு அவர்கள் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. அந்த நேரத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தக் குறை நீங்கிவிட்டது.

ஆடியோலஜிஸ்டைப் பார்க்க மருதப்பனுக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் கைப்பேசியில் செய்தி வந்தது: உங்கள் பராமரிப்பை மேம்படுத்தும் கலந்துரையாடலின் காரணமாக உங்கள் சந்திப்பு ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்த தேதிக்கு முந்தின நாளும் அதே செய்தி. மூன்றாவது முறை செய்தியில் ஒரு பூங்கொத்துப் படமும் இருந்தது.

நேரில் போனார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சட்டையில் 'இணைந்த செவிகள்' பதக்கம் குத்திய ஓர் இளைஞன் எழுந்து வந்தான். பெயர் திலீப். ஒருங்கிணைப்பாளர். பதக்கத்தில் எட்டுக் காதுகள் வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"தலை எங்க தம்பி?" என்றார் மருதப்பன்.

"எந்தத் தலை அங்கிள்?"

"இந்தக் காதெல்லாம் யாரோட தலையில இருக்கு?"

திலீப் பதக்கத்தைக் குனிந்து பார்த்தான். "டிசைன் அங்கிள்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அப்பாயின்மென்ட் தள்ளிப் போனதே உங்களுக்காகத்தான் லா. எல்லா ஸ்டாஃப்பும் மீட்டிங்ல இருக்காங்க. எதுக்கு? அப்பாயின்மென்ட் ஏன் தள்ளிப் போகுதுன்னு கண்டுபிடிக்க."

"கண்டுபிடிச்சாச்சா?"

"அடுத்த மீட்டிங்ல பாதி வந்துடும்." அவன் மருதப்பனை மேலும் கீழும் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அங்கிள், நீங்க நல்லா பேசுறீங்களே. எங்களுக்கு ஒரு 'நோயாளிக் குரல்' வேணும். கமிட்டியில நீங்களும் உக்காரணும். இனத்துக்கு ஒரு இடம், அதுல இந்தியர் இடம் காலியாவே கிடக்கு."

"நான் அங்க உக்காந்தா ஆடியோலஜிஸ்ட் வருவாங்களா?"

"எல்லாரும் வருவாங்க அங்கிள்! வேற எங்க போவாங்க?"

மருதப்பன் யோசித்துப் பார்த்தார். நோயாளியாகக் காத்திருந்தால் எப்போது பார்ப்பார்களோ தெரியாது. குரலாகப் போனால் எட்டுப் பேரையும் ஒரே அறையில் பார்க்கலாம். கையூம் பாயிடம் அரைநாள் லீவு கேட்டார்.

*

கூட்டத்துக்குத் தலைமை பேராசிரியர் சேவியர். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் மருதப்பன் இருப்பதால், முக்கியமானவற்றை அவருக்காக மட்டும் மேடைத் தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்வார். பள்ளி நாட்களில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவர் என்று முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. அவரே சொன்னார்.

முதலில் இறுக்கம் தளர்த்தும் விளையாட்டு. 'இன்று நீங்கள் ஓர் ஒலியாக இருந்தால் என்ன ஒலியாக இருப்பீர்கள்?' காது மருத்துவர் மழையாக இருந்தார். மனநல ஆலோசகர் கோயில் மணியாக இருந்தார். தூக்க நிபுணர் கடலலை. பல் மருத்துவர் நீண்ட நேரம் கண்மூடியிருந்து, "நான் நிசப்தம்" என்றார். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள்.

"நீங்க, மிஸ்டர் மருதப்பன்?"

"குக்கர்" என்றார் மருதப்பன்.

பலத்த கைதட்டல். இதைவிட நேர்மையான குரலைத் தாம் கேட்டதில்லை என்றார் சமூக சேவகர். திலீப் அதை மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். குக்கரைச் சுவரில் ஒட்டிய பிறகும் அது காதிலேயே இருந்தது.

மழையையும் கடலலையையும் ஒட்டி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போயிற்று. பிறகு பேராசிரியர் எழுந்தார்.

"அன்பர்களே! முன்பெல்லாம் ஒரு நோயாளியிடம் 'இதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை' என்று ஒரே ஒரு மருத்துவர் தனிமையில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய பாரம்! இன்று அதே பதிலை எட்டுத் துறையும் கைகோத்து, ஒரே குரலில் சொல்கிறோம். நோயாளி இனி எங்கே போனாலும் முரண்பாடான நம்பிக்கை அவருக்குக் கிடைக்காது. இதுவே நம் முதல் வெற்றி!"

அதன் பிறகு பயண வரைபடம். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளத் தாள் ஒட்டியிருந்தது. அதில் அட்டையில் வெட்டிய ஒரு சின்ன மனிதர், நீலச் சட்டை, புன்னகை. கீழே பெயர்: திரு. இனியன். திலீப் ஒரு குண்டூசியோடு அவரைப் பாலிகிளினிக்கிலிருந்து நகர்த்தினான். இனியன் காது மருத்துவரைத் தாண்டினார். இரண்டே வாரத்தில் ஆடியோலஜிஸ்ட் அறைக்குள் போய்விட்டார்.

மருதப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் ஆச்சரியம். பிறகு பொறாமை.

"தம்பி, இந்த இனியன் யாரு?"

"அவர் உண்மையில இல்ல அங்கிள். கற்பனை."

"எனக்கு அப்புறம்தானே வந்தாரு?"

"நேத்துதான் வெட்டினோம்."

"அவருக்கு ஆடியோலஜிஸ்ட் கெடைச்சிட்டாங்களே."

"அது மாதிரி நடக்கணும்னு…"

"அவருக்கு முடியாட்டி அந்த டைம்ல நான் போகலாமா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. மருதப்பன் சிரிக்கவில்லை. எதிர்வரிசையில் ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை. அவள் இனியனைப் பார்க்காமல் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வைத்திருந்த பெயர்ப்பலகையில் 'சுஷ்மிதா, ஆடியோலஜிஸ்ட்' என்றிருந்தது.

அவ்வளவு நாள் தேடிய ஆள். நடுவில் ஒரு மேசைதான். காதைக் காட்டலாம் என்றால், அது கூட்டம்.

*

தேநீர் இடைவேளைக்கு முன் எல்லோரையும் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். மருதப்பனை எந்தக் குழுவிலும் போடவில்லை. குரல் எல்லாருக்கும் பொதுவாம். அவர் வெளியே வந்து, அவசர வழிக் கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். அங்கே சுத்தமான அமைதி. அமைதியில் குக்கர் ஒன்றுக்கு இரண்டாகச் சீறியது. தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. சுஷ்மிதா, கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியோடு. இவரைப் பார்த்ததும் நின்றாள். பிறகு இரண்டு படி கீழே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தக் காது அங்கிள்?"

மருதப்பன் அவளைப் பார்த்தார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "இடது" என்றார்.

"அமைதியான எடத்துல இன்னும் ஜாஸ்தியா இருக்குமே. இங்க வந்து உக்காரலாமா? ராத்திரி ஃபேன் போடுவீங்களா?"

"ஏர்கான். சத்தமில்லாத புது மாடல். இதுக்காகவே வாங்கினோம்."

"ஐயோ அங்கிள்" என்றாள் அவள். "ஃபேனைப் போடுங்க. பழசா, கடகடன்னு ஓடுறதா இருந்தா இன்னும் நல்லது. ரேடியோவ மெதுவா வைங்க. காதுல கேக்குற சத்தத்துக்குக் கொஞ்சம் கீழ. சத்தம் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன், அங்கிள். ஆனா மூளை அதக் கவனிக்கிறத நிறுத்திடும். நெறைய பேருக்கு நிறுத்திருக்கு. யாருமே உங்களுக்கு இத சொல்லலையா?"

"எல்லாரும் மீட்டிங்ல இருந்தாங்க மா."

அவள் பையிலிருந்த உறிஞ்சுகுழலைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, "தூக்கம் இல்லாம மனசு ரொம்பக் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

மருதப்பன் படிக்கட்டைப் பார்த்தபடி ஜன்னலைப்பற்றிச் சொன்னார். பூட்டைப்பற்றிச் சொன்னார். சாவி தாலிக்கொடியில் இருப்பதைச் சொன்னார். "என் வேலை என்ன தெரியுமா மா? சாவி வெட்டுறது" என்றார்.

சுஷ்மிதா கோப்பியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். "இருங்க. மனநலக் கவுன்சிலரக் கூட்டிட்டு வர்றேன். எங்கயும் போகாதீங்க, ப்ளீஸ்."

போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அவங்க குரூப் டிஸ்கஷன்ல இருக்காங்களாம். நடுவுல எழுந்து வர முடியாதாம்."

"பரவால்ல மா. என்ன டிஸ்கஷன்?"

அவள் கீழே வைத்த கோப்பியை எடுத்துக்கொண்டாள். "'மனமுடைந்தவரை உடனே அடையாளம் காண்பது எப்படி'ன்னு" என்றாள்.

அவளாகவே தன் கைப்பேசியில் வசந்தகுமாரியின் எண்ணை வாங்கிக்கொண்டாள். தன் எண்ணையும் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை லஞ்ச் டைம்ல என் ரூமுக்கு வாங்க. அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் என்ன யாரும் கூப்பிட மாட்டாங்க. ஆன்ட்டியும் வரட்டும்."

*

போனார்கள். வெள்ளிக்கிழமைதோறும் போனார்கள். அவள் காதில் கருவி வைத்துச் சோதித்தாள். ஒரு கையால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே பேசினாள். ஒரு வாரம் அந்த மனநல ஆலோசகரையும் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்த்துவிடப் போகிறார்களே என்ற பயத்தோடு, அருமையாக ஆலோசனை சொன்னார்.

உட்லண்ட்ஸ் வீட்டில் பழைய மின்விசிறி ஒன்று மறுபடி ஓட ஆரம்பித்தது. குக்கர் நிற்கவில்லை. ஆனால் சமையலறையிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போனது போல் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. ஒருநாள் சாயங்காலம் தொலைக்காட்சியில் ஒரு நாடகத்தை முழுதாகப் பார்த்து முடித்த பிறகுதான் மருதப்பனுக்குக் காது ஞாபகம் வந்தது. மனைவியிடம் சொன்னார்.

"அந்த அழுமூஞ்சி நாடகத்தையா முழுசா பாத்தீங்க?" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவசரமாக எழுந்து அடுப்படிக்குப் போனாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பூட்டை எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று யோசிக்கிற இடத்துக்கு வந்திருந்தாள்.

அங்கேதான் மருதப்பன் அந்தத் தவற்றைச் செய்தார். நன்றி சொன்னார்.

அடுத்த கமிட்டியில் பேராசிரியர், "நோயாளிக் குரலிடமிருந்து ஒரு நற்செய்தி கேட்கலாமா?" என்றார். மருதப்பன் எழுந்தார். மிஸ் சுஷ்மிதா வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டு நேரத்தில் தன்னைப் பார்ப்பதையும், தான் தூங்க ஆரம்பித்திருப்பதையும், அவருக்கு ஏதாவது விருது கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னார். சுஷ்மிதா தலையைக் குனிந்துகொண்டாள். மனநல ஆலோசகர் தன் பேனாவைக் கீழே போட்டு, அதைத் தேட மேசைக்கடியில் போனவர் நெடுநேரம் வரவில்லை.

கைதட்டல் எழவில்லை.

"தனியாகவா?" என்றார் பேராசிரியர்.

"ஆமாங்க. தனியாத்தான். ரொம்பக் கவனமா."

"என்ன யாருமே கேக்கல" என்றார் பல் மருத்துவர். மனம் புண்பட்டிருந்தது. "இவர் தாடைய நான் தொட்டுக்கூடப் பாக்கல. எப்படித் தூங்கினாரு?"

பேராசிரியர் சேவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடைத் தமிழ் வந்தது, ஆனால் துயரத்தோடு வந்தது.

"எட்டுப் பேர் சேர்ந்து கவனிக்க வேண்டிய ஒருவரை, ஒருவர் தனியாகக் கவனித்திருக்கிறார். அவரும் குணமடைந்து வருகிறார். மிகவும் கவலைக்குரிய நிகழ்வு. மற்ற துறைகள் எதற்கு என்று நாளை யாராவது கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? மருதப்பன் அவர்களே, உங்கள் தூக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அது முறையான வழியில் வந்த தூக்கம் அல்ல."

சுஷ்மிதாவை யாரும் திட்டவில்லை. நாகரிகமான இடம். எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். பதவி உயர்வு கொடுத்தார்கள். நோயாளிகளைப் பார்க்கிற சின்ன வேலையிலிருந்து விடுவித்து, துறைகளுக்கிடையே நல்லுறவு வளர்க்கும் மேலாளராக்கினார்கள். அவளுடைய அறையில் இப்போது பதக்கங்களும் பதாகைகளும் அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. மதிய உணவு நேரத்துக்கும் கூட்டம் போட்டுவிட்டார்கள்.

*

'இணைந்த செவிகள்' மக்களுக்கு முறைப்படி அறிமுகமான விழா தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காதிரைச்சல் உள்ளவர்களைக் கௌரவிக்கும் வகையில் அவர்களுக்கு முதல் வரிசை, ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே.

எந்த இனத்தையும் விட்டுவிடக் கூடாது என்று திலீப் இரவு பகலாக உழைத்திருந்தான். முதலில் சீனர்களின் சிங்க நடனம், பெரிய முரசும் தாளமுமாக. அடுத்து மலாய்க்காரர்களின் கொம்பாங் மேளக் குழு. அதற்கடுத்து உறுமி. கடைசியில் ஒற்றுமையைக் காட்ட மூன்றும் சேர்ந்து. முதல் வரிசையிலிருந்த சீன மூதாட்டி ஒருவர் அன்பளிப்புப் பையைக் காலிசெய்து தலையில் கவிழ்த்துக்கொண்டார். புகைப்படக்காரர் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

மேடையில் திரு. இனியன் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றார். அதே நீலச் சட்டை. எட்டுத் துறைகளையும் பார்த்து முடித்து, முழுத் திருப்தி தெரிவித்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு பெரிய வெண்கலச் சேகண்டி தொங்கியது. சிறப்பு விருந்தினர் கையோடு நோயாளியின் கையும் சேர்ந்து கோலைப் பிடித்துத் தட்டுவதாக ஏற்பாடு.

"தம்பி, வேணாம்பா" என்றார் மருதப்பன். "இது என் காதுக்குப் பக்கத்துல."

"ஒரே ஒரு அடி அங்கிள். சிம்பாலிக்."

அடித்தார்கள். புகைப்படக்காரர் கையை உயர்த்தி, விருந்தினர் கண் மூடிவிட்டார் என்றார். மறுபடி அடித்தார்கள். இனியன் பாதி மறைந்துவிட்டார் என்றார். அவரை நகர்த்தி வைத்து மறுபடி அடித்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கும்போது மருதப்பனுக்குப் படி தெரியவில்லை. குக்கர் திரும்பி வந்திருந்தது. இம்முறை வலது காதுக்கும் ஒன்று கொண்டு வந்திருந்தது. பேராசிரியர் வாய் அசைந்துகொண்டிருந்தது. 'இனி இந்நாட்டில் எந்தக் காதும் தனியாக இல்லை' என்ற வாசகம் திரையில் ஓடியதால் அவர் அதைத்தான் பேசுகிறார் என்று புரிந்தது.

திலீப் ஓடி வந்தான். காதருகே கத்தினான். "அங்கிள், குட் நியூஸ்! உங்க கேஸ் க்ளோஸ் ஆயிடுச்சு!"

"என்னது?"

"நீங்க இப்ப கமிட்டி மெம்பர். மெம்பரே பேஷன்ட்டா இருந்தா முறையில்ல. அதனால பேஷன்ட் லிஸ்ட்லேருந்து எடுத்துட்டோம்."

"அப்ப நான் மெம்பர் வேணாம். எடுத்துடு தம்பி. நான் பேஷன்ட். பழையபடி எழுது."

"விலகலாம் அங்கிள், பிரச்சினை இல்ல. கமிட்டி கூடி ஏத்துக்கணும். நோயாளிக் குரல் இல்லாம கமிட்டி கூட முடியாது."

"குரல் நான்தானே. வந்து உக்கார்றேன்."

"உங்க விஷயத்துல நீங்க உக்கார முடியாதே அங்கிள்." அவனுக்கே வருத்தமாக இருந்தது. "அடுத்த வருஷம் விதிமுறைய மாத்துறாங்க. அதுக்கும் ஒரு நோயாளிக் குரல் வேணும். உங்க பேரத்தான் போட்டிருக்கேன்."

மண்டபத்தின் மறுகோடியில் சுஷ்மிதா பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாதி தூரம் வந்தாள். அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது திரும்பி இவரைப் பார்த்து எதையோ சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். உதடுகள் நன்றாகத் தெரிந்தன. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

வெளியே தூறல். திலீப் இனியன்மேல் நெகிழித்தாள் சுற்றிக்கொண்டிருந்தான். நனையக் கூடாதாம். ஒரு வேன் வரச் சொல்லியிருந்தார்கள். மருதப்பன் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

*

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வசந்தகுமாரி கதவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் போட்டார். அது சுற்றுவது தெரிந்தது; ஓசை வரவில்லை. வேகத்தைக் கூட்டினார். கூட்டுவதற்கு அதற்குமேல் எண் இல்லை.

சமையலறைக்குப் போய் ஜன்னலருகே நின்றார். அவள் பின்னாலேயே வந்து நின்றாள். கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலிக்குப் போயிற்று.

"வசந்தா" என்றார், கிரில்லைப் பார்த்தபடி. "அந்தச் சாவிய நான் பாத்துட்டேன்."

"தெரியும்."

"கண்ண மூடினா பல்லு பல்லா நிக்குது. கடையில போய் உக்காந்தா கை அதையே வெட்டிடும் போல இருக்கு."

அவள் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வேற பூட்டு வாங்கிட்டு வா. எங்க கடையில வாங்காத. அங்க உள்ளதெல்லாம் எனக்குத் தெரியும். சாவிய எனக்குக் காட்டாத."

வசந்தகுமாரி அடுப்பைப் பார்த்து, எரியவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பர்ஸை எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டியவள் திரும்பி அவர் கையைப் பிடித்தாள்.

"தனியா விட்டுட்டுப் போவேன்னு நெனச்சீங்களா? வாங்க. கடை வாசல்ல நில்லுங்க. உள்ள மட்டும் வராதீங்க."

லிஃப்ட்டில் அவள் கைப்பேசியில் சுஷ்மிதாவின் எண்ணைத் தேடி, "மா, கூப்பிடு. எந்நேரமானாலும்" என்று குரல்செய்தி அனுப்பினாள். அவர்களுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழே, இரண்டு கடை தள்ளி ஒரு சின்ன ஹார்ட்வேர் கடை. மருதப்பன் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்து நின்றார். எல்லை தாண்டி ஜொகூருக்குப் போகிற பேருந்துகள் வரிசையாக நகர்ந்தன. இரண்டு குக்கரும் சீறின.

உள்ளே கடைக்காரச் சீனர் பூட்டை மேசைமேல் வைத்தார். "த்ரீ கீ, ஆன்ட்டி."

"ஒன் கீ போதும். அதர் டூ, யூ கீப்" என்றாள் வசந்தகுமாரி.

"வை லா?"

"மை ஹஸ்பண்ட் கீ மேக்கர்."

கடைக்காரர் வாசலில் நின்ற முதுகைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "ஹஸ்பண்ட் கீ மேக்கர், தென் வை பை ஃப்ரம் மீ?"

"அதனாலதான் லா" என்றாள் வசந்தகுமாரி, தமிழிலேயே, வெளியே நிற்பவருக்கும் கேட்கட்டும் என்று உரக்க.

கேட்டது. மருதப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.